பன்னிரு ராசிகளின் காவலர்

2004 ஜூலையில் பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்பின் பெரியோர்கள் தங்கள் தேசிய அணியை ரேமோன் தொமெனெக் பெருந்தகையின் திருக்கரங்களில் ஒப்படைத்தார்கள். அந்தச் சபையின் ஞானத்தை எத்தனை காலம் போற்றினாலும் தகும். 1998இல் உலகக் கோப்பையையும் 2000இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற அணி அது. பின்னர் இரண்டு பெரும் போட்டிகளில் சறுக்கியும், பழைய வெற்றிகளின் நினைவு மக்கள் நெஞ்சிலிருந்து அகலவில்லை. அந்த நினைவையும் வேரோடு களைந்து, எதையும் எதிர்பாராத நிம்மதியை நாட்டுக்கு நல்க வல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

பதவிக்கு வேறு சிலர் பெயரும் அடிபட்டது. லோரான் பிளாங், அந்த இரு கோப்பைகளையும் வென்ற அணியின் தற்காப்புத் தூண். ஜான் திகானா, 1984இல் நாட்டுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொணர்ந்த நடுக்களத்தில் ஒருவர். நாட்டுக்காகக் கோப்பை ஏந்திய கைகளுக்கு அதை மறுபடியும் ஏந்தும் ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசையின் கறை சிறிதும் படியாதவர் நம் பெருந்தகை. 21 வயதுக்குட்பட்டோர் அணியை 1993 முதல் பதினோரு ஆண்டுகள் பேணினார். தலைமுறை தலைமுறையாகத் திறமைசாலிகள் கைக்கு வந்தும் ஐரோப்பியப் பட்டத்தை ஒரு தடவைகூடத் தீண்டாத விரதசீலர். இத்தகைய துறவியை அடையாளம் கண்டதற்கே அந்தச் சபையோருக்குச் சிலை வைக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கலையில் அவர் தொட்ட உச்சத்தை அவருக்கு முன் தொட்டவர் இல்லை. பின்பும் எவரும் துணியவில்லை. சாதாரணப் பயிற்சியாளர்கள் ஒருவனுடைய கால்களைப் பார்ப்பார்கள், ஓட்டத்தைப் பார்ப்பார்கள், அந்தப் பருவத்தில் எத்தனை கோல் அடித்தான் என்று கணக்குப் பார்ப்பார்கள். பெருந்தகையோ வானத்தையும் அண்ணாந்து பார்த்தார். அணித்தேர்வில் கருத வேண்டியவற்றுள் சோதிடமும் ஒன்று என்று அவரே திருவாய் மலர்ந்தருளியிருக்கிறார். லக்னம், சந்திரன் நின்ற வீடு, நடப்புத் தசை என்று நம் ஊர்ச் சோதிடர்கள் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கு நிற்கும் சிரமமெல்லாம் அவருக்குக் கிடையாது. மேல்நாட்டு முறைப்படி பிறந்த தேதி தெரிந்தால் ராசி தெரிந்துவிடும். ராசி தெரிந்தால் மனிதன் தெரிந்துவிடுவான். சிம்ம ராசிக்காரரைத் தற்காப்பில் நிறுத்தினால் ஏதேனும் ஒரு தருணத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள முற்பட்டு வினையை விலைக்கு வாங்கிவிடுவார் என்று அவர் எச்சரித்ததுண்டு. விருச்சிகத்தாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்று பத்திரிகைகள் எழுதின.

ரொபேர் பிரெஸ் பிறந்தது அக்டோபர் 29. விருச்சிகம்! அந்த அபாக்கியவான் 2003-04 பருவத்தில் ஆர்சனல் அணி ஒரு தோல்வியும் காணாமல் இங்கிலாந்து லீக்கை வென்றபோது அதன் இடப்பக்கத்தை ஆண்டவர். அந்தப் பருவத்தில் லீக்கில் 14 கோல்கள். அடுத்த பருவத்திலும் 14 கோல்கள். உள்ளே வெட்டி வந்து வலக்காலால் பந்தைத் தூர மூலையில் வளைத்து வைக்கும் அவருடைய நளினத்தைக் காண லண்டனில் சீட்டு வாங்கக் கூட்டம் நின்றது. 2004 அக்டோபரில் சைப்ரஸ் ஆட்டத்தையொட்டி அவருக்கும் பெருந்தகைக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. முப்பது வயதில், ஆட்டம் கனிந்து நின்ற நேரத்தில், அவருடைய நாட்டுச் சட்டை மடித்து வைக்கப்பட்டது, மறுபடி பிரிக்கப்படவேயில்லை. ஒரு வாக்குவாதத்தை ஆறு ஆண்டுகள் வாடாமல் காத்துவரும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

எனினும் விருச்சிகத்தார் மீது மட்டும் அவருக்குக் காழ்ப்பு என்போர் அவருடைய நடுநிலையை அறியாதவர்கள். கடக ராசியைப் பாருங்கள். லுடோவிக் ஜூலி, ஜூலை 10. சமீர் நஸ்ரி, ஜூன் 26. பாட்ரிக் வியெரா, ஜூன் 23. மூவருமே கடகம், மூவருமே ஏதேனும் ஓர் உலகக் கோப்பைக்கு முன் அவருடைய கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்டவர்கள். துலாத்தில் பிறந்த டேவிட் ட்ரெசகேயும் தனுசில் பிறந்த கரீம் பென்சமாவும் அதே ஓசையைக் கேட்டார்கள். பன்னிரு ராசிகளில் எதில் பிறந்திருந்தாலும், திறமை மட்டும் இருந்துவிட்டால் அவருடைய சந்நிதானத்தில் புறக்கணிக்கப்படும் உரிமை எல்லோருக்கும் ஒன்றே.

புகழ் பாடுவோன் கறைகளை மறைத்தால் புகழுக்கே இழுக்கு. ஆகவே அவர் சறுக்கிய சில தருணங்களையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றுள் பெரியது 2005 ஆகஸ்டில் நேர்ந்தது. அதுவரை உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருந்தது. சொந்த மண்ணில் இஸ்ரேலுடன் 0-0, அயர்லாந்துடன் 0-0, சுவிட்சர்லாந்துடன் 0-0. மூன்று ஆட்டங்கள், உயிரினங்களைப் படைத்தவனும் பொறாமைப்படும் ஓர் அமைதி. ஒருவர் மனமும் நோகவில்லை, எவர் வலையும் அசையவில்லை. அந்த நேரத்தில்தான் ஓய்வு பெற்றிருந்த ஜினதீன் ஜிடான், லிலியன் துராம், கிளாட் மகலேலே மூவரும் திரும்பி வர விரும்பினார்கள். அவரும் மறுக்காமல் சேர்த்துக்கொண்டார். ஜிடானும் ஜூன் 23இல் பிறந்த கடகக்காரர்தான். அன்று மட்டும் ஏனோ பெருந்தகை வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார். விளைவு, டப்ளினில் 1-0 வெற்றி, பின்னர் உலகக் கோப்பைக்குத் தகுதி என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தொல்லைகள்.

இரண்டாவது கறை ஃபிராங்க் ரிபெரி. நாட்டுக்காக ஓர் ஆட்டமும் ஆடியிராத அந்த இளைஞரை 2006 உலகக் கோப்பை அணியில் சேர்த்தது துணிச்சலான, சரியான முடிவு. அதைச் சொல்ல வாய் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2008 நவம்பரில் ஹ்யூகோ லோரிஸ் என்ற இளைஞரைக் கோல் கம்பங்களுக்கிடையே முதன்முதலில் நிறுத்தியதும் அவ்வாறே. பத்தாண்டுகள் கழித்து அந்த லோரிஸ் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டார். இத்தகைய பிழைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்பதே நமக்கு ஆறுதல்.

2006க்கே வருவோம். அந்த மே மாதம் பார்சலோனா ஐரோப்பியச் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. அரையிறுதியில் மிலான் அணியை அதன் சொந்த அரங்கில் வீழ்த்திய ஒரே கோலை அடித்தவர் ஜூலி. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணியில் இடம் பிடித்தவருக்குத் தன் நாட்டின் 23 பேரில் இடம் இல்லை. உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன் சீனாவுடனான பயிற்சி ஆட்டத்தில் ஜிப்ரீல் சிசேயின் கால் முறிந்தபோதாவது ஜூலிக்கு அழைப்பு வரும் என்று அப்பாவிகள் நினைத்தார்கள். அழைக்கப்பட்டவர் சிட்னி கோவூ. ஜூலிக்கு அந்தக் கோடையில் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கும் வாய்ப்பு இரண்டு தடவை அருளப்பட்டது.

கோல்கீப்பர் விஷயத்தில் பெருந்தகையின் கருணை இன்னும் ஆழமானது. ஃபபியன் பார்தேஸ் 2005இல் ஒரு நட்பு ஆட்டத்தில் நடுவர் மீது உமிழ்ந்து தடை பெற்றவர். அவர் இல்லாத காலத்தில் கோலைக் காத்தவர் கிரெகரி கூப்பே. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிரெஞ்சு லீக்கை வென்ற லியோன் அணியின் காவல்காரர். உழைத்தவருக்கே முதலிடம் என்பது கடைத்தெரு நியாயம். பெருந்தகையின் நியாயம் வேறு. முதலிடம் பார்தேசுக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலை முகாமிலிருந்து கூப்பே மனம் உடைந்து வண்டியேறிப் புறப்பட்டார். பிறகு தானே திரும்பி வந்து, தொடர் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்தேஸ் தொடர் முழுவதும் நன்றாகத்தான் ஆடினார் என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை. இறுதியாட்டத்தில் இத்தாலியர் அடித்த ஐந்து பெனால்டிகளும் வலைக்குள் போயின என்பதை மட்டும் உடன் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஜூலை 9 பெர்லினில் சந்திப்போம் என்று பெருந்தகை முன்கூட்டியே சொல்லியிருந்தார், அது பலித்தது. ஸ்பெயினையும் பிரேசிலையும் போர்ச்சுகலையும் வீழ்த்தியவர்கள் ஆடுகளத்துக்குள் நின்ற முதியவர்கள்தாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும். இறுதியாட்டத்தில் பெருந்தகையின் கைவண்ணத்தைத் தனியே காட்ட நூற்றேழாம் நிமிடம் இருக்கிறது. கூடுதல் நேரம், ஸ்கோர் 1-1, பெனால்டி நெருங்குகிறது. ரிபெரி முன்பே வெளியே வந்தாயிற்று. இப்போது தியரி ஹென்றியும் வெளியே அழைக்கப்பட்டார். மூன்று நிமிடத்தில் ஜிடான் தன் தலையை இத்தாலிய ஆட்டக்காரர் மாத்தரட்சியின் மார்பில் மோதிச் சிவப்பு அட்டை பெற்றார். பெனால்டிக்கு நேரம் வந்தபோது பிரான்சின் தலைசிறந்த மூன்று கால்களும் களத்துக்கு வெளியே இருந்தன.

உள்ளே இருந்தவர் ட்ரெசகே. நாக் அவுட் சுற்றில் அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நூறாம் நிமிடத்தில் குளிர்ந்த கால்களோடு இறக்கிவிடப்பட்டார். 2000 ஐரோப்பிய இறுதியில் இதே இத்தாலிக்கு எதிராகத் தங்க கோல் அடித்தவர். அவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு வெளியே விழுந்தது. பிரான்ஸ் தவறவிட்ட பெனால்டி அது ஒன்றுதான். நாட்டுக்காக 71 ஆட்டங்களில் 34 கோல் அடித்த ஒரு மனிதரை நாடு அந்த ஒற்றைப் பந்தை வைத்து நினைவுகூரும்படி ஏற்பாடு செய்துகொடுத்தது யார் என்பதை ட்ரெசகே ஒருபோதும் மறந்திருக்க மாட்டார்.

அந்த ஏற்பாட்டின் மிச்சத்தை 2008 ஐரோப்பியக் கோப்பை நிறைவேற்றியது. அந்தப் பருவத்தில் ட்ரெசகே யுவென்டசுக்காக இத்தாலிய லீக்கில் 20 கோல் அடித்திருந்தார். பெருந்தகை அவரை அழைக்கவில்லை. ஈக்வடாருடனான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்த இளைஞர் பஃபெத்தம்பி கொமிசை அழைத்தார். மறுபக்கம், காயத்தோடு வந்த கேப்டன் வியெராவுக்கு 23 பேரில் ஓர் இடம் தந்தார். தொடர் முழுவதும் வியெரா ஒரு நிமிடமும் ஆடவில்லை. ஆடக்கூடியவருக்கு இடமில்லை, ஆட முடியாதவருக்கு இடமுண்டு என்ற இந்த அறத்தைப் பிற நாட்டுப் பயிற்சியாளர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ருமேனியாவுடன் 0-0. ஹாலந்திடம் 1-4. மூன்றாவது ஆட்டம் சூரிக்கில் இத்தாலியுடன். வென்றால்தான் வழி. அந்த ஆட்டத்துக்கு, அதுவரை நாட்டுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியிருந்த துராமைப் பெஞ்சில் அமர்த்தி, இடப்புறத் தற்காப்பாளர் எரிக் அபிதாலை நடுவில் நிறுத்தினார் பெருந்தகை. பத்தாம் நிமிடத்தில் ரிபெரி காயப்பட்டுப் போக, நஸ்ரி உள்ளே வந்தார். இருபத்து நான்காம் நிமிடத்தில் அபிதால் பெனால்டி கொடுத்துச் சிவப்பு அட்டையோடு வெளியேறினார். இருபத்தாறாம் நிமிடத்தில் நஸ்ரியை வெளியே அழைத்துத் தற்காப்பாளர் புமசோங்கை உள்ளே அனுப்பினார். மாற்றாக வந்தவருக்கே மாற்று. பதினாறு நிமிட அரசாட்சி! இருபது வயது இளைஞனுக்கு உலகம் பார்க்கும் மேடையில் இப்படி ஓர் அறிமுகம் கிடைத்ததென்றால் அது அவன் முற்பிறவிப் பயன் அல்லாமல் வேறென்ன? 0-2. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல், ஒரு புள்ளி. அணி ஊர் திரும்பியது.

அன்றிரவு தொலைக்காட்சி நேரலையில், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. நாடகமேடைமீது இளமையிலிருந்தே காதல் கொண்ட பெருந்தகைக்கு அந்த மேடையும் உகந்ததாகவே இருந்தது. தன் துணைவியான தொலைக்காட்சித் தொகுப்பாளரை மணந்துகொள்ளப்போவதே தன் ஒரே திட்டம் என்று அறிவித்து, அங்கேயே அவருடைய கரம் கேட்டார். ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் அணியின் சாவைப் பற்றி ஒரு விளக்கம் கேட்கக் காத்திருந்த நேரத்தில் அவர்களுக்குக் கல்யாணச் செய்தி கிடைத்தது. துக்க வீட்டில் மேளம் கொட்டிய இத்தனை பெரிய மனம் வரலாற்றில் வேறெவருக்கும் அமையவில்லை.

இவ்விடத்தில் கூட்டமைப்பின் தலைவர் ஜான் பியர் எஸ்கலெட்டையும் அவருடைய சபையையும் வணங்காமல் கடப்பது நன்றி கொன்ற செயல். 1998 அணியின் கேப்டன் திதியே தெஷாம் அப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லாமல் இருந்தார். மொனாக்கோவைச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றவர். யுவென்டசை இத்தாலிய முதல் பிரிவுக்கு மீட்டுக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் அருகிலேயே நிற்க, 2008 ஜூலை 3ஆம் நாள் சபை கூடிப் பெருந்தகையே தொடரட்டும் என்று தீர்மானித்தது. தெஷாம் இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் 2018இல் உலகக் கோப்பையை வென்று சபையின் தீர்க்கதரிசனத்துக்கு ஊறு விளைவித்தார். பெருந்தகையின் ஒவ்வொரு தேர்வுக்கும் பின்னால் அவரைத் தேர்ந்தெடுத்த ஒரு தேர்வு இருக்கிறது. அந்த முதல் தேர்வை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்தவர்களை மறந்துவிட்டு அவரை மட்டும் கொண்டாடுவது முறையாகாது.

2009 நவம்பர் 18. உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதி ஆட்டம். அயர்லாந்து பாரிசுக்கு வந்து கூடுதல் நேரம் வரை இழுத்துவந்தது. அப்போது ஹென்றி பந்தைக் கையால் தட்டி நிறுத்தி, காலால் குறுக்கே அனுப்ப, வில்லியம் கலாஸ் தலையால் கோலுக்குள் சேர்த்தார். நடுவர் பார்க்கவில்லை. உலகம் முழுவதும் பார்த்தது. ஹென்றி பிறந்தது 1977 ஆகஸ்ட் 17. கலாஸ் பிறந்ததும் அதே 1977 ஆகஸ்ட் 17. ஒரே நாளில் பிறந்த இரண்டு சிம்மங்கள். அதில் ஒருவர் தற்காப்பாளர்! எந்த ராசியைக் கண்டு பெருந்தகை அஞ்சினாரோ அந்த ராசியின் ஒரு கையும் ஒரு தலையும் சேர்ந்து அவருடைய நாற்காலியைக் காப்பாற்றின. அயர்லாந்துச் சிறுவர்கள் அன்றிரவு அழுததை எண்ணி நாம் வருந்தலாம். சோதிட சாஸ்திரம் அவ்வாறு வருந்துவதில்லை.

இனி தென்னாப்பிரிக்கா. அவர் செய்த அத்தனை தேர்வுகளும் ஒன்றுகூடிப் பூத்துக் காய்த்துக் கனிந்த 2010.

வியெரா இல்லை, நஸ்ரி இல்லை, பென்சமா இல்லை. பென்சமாவின் ஆட்டம் அந்தப் பருவத்தில் மங்கியிருந்தது என்று வாதிடுவோர் உண்டு. 2022இல் அவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதான தங்கப் பந்தைப் பெற்றபோது அந்த வாதம் மேலும் ஒளிர்ந்தது. கேப்டன் பட்டை ஹென்றியின் கையிலிருந்து கழற்றப்பட்டு, மூத்தவரான கலாசையும் தாண்டி, பாட்ரிஸ் எவ்ராவின் கைக்குப் போனது. ஒரு பட்டையைக் கொண்டு இரண்டு மனங்களைப் புண்படுத்தும் சிக்கனம் இது. நாட்டுக்காக 51 கோல் அடித்த ஹென்றி பெஞ்சுக்குப் போனார். முன்னணியில் தனியே நிறுத்தப்பட்டவர் நிகோலா அனெல்கா. பின்னால் இறங்கி வந்து பந்தைத் தேடி ஆடும் இயல்பினர். எந்த மனிதருக்கு எந்த இடம் பொருந்தாதோ அதைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே அவரை அமர்த்தும் அந்தக் கூர்மை பயிற்சியால் வருவதன்று. அது பிறவியிலேயே அமைவது.

கேப் டவுனில் உருகுவேயுடன் 0-0. போலோக்வானேயில் மெக்சிக்கோவிடம் 0-2. அந்த ஆட்டத்தின் இடைவேளையில் அனெல்காவுக்கும் பெருந்தகைக்கும் வாய்ச்சண்டை மூண்டது. ஆந்த்ரே பியர் ஜின்யாக் உள்ளே வந்தார்; கோலுக்குத் தவித்த இரண்டாம் பாதி முழுவதும் ஹென்றி பெஞ்சிலேயே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அனெல்கா சொன்னதாகக் கூறப்பட்ட வசவை லெக்கிப் நாளேடு இரண்டு நாள் கழித்து முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அச்சில் வந்த சொற்கள் தன்னுடையவை அல்ல என்று அவர் மறுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தவரைக் கூட்டமைப்பு வீட்டுக்கு அனுப்பியது. அறைக்குள் மூடியிருக்க வேண்டிய ஒரு சண்டையை நான்கு சுவருக்குள் தீர்க்கும் சாமானியத் தலைமை நம் பெருந்தகைக்கு இல்லாததால்தான் உலகம் அதைக் கேட்டுக் களித்தது.

ஜூன் 20, ஞாயிறு. நைஸ்னா நகரின் பயிற்சி மைதானம். பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்பட்ட பயிற்சி நாள். ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், பிறகு பயிற்சி செய்ய மாட்டோம் என்றார்கள். உடற்பயிற்சியாளர் ரொபேர் துவெர்னுக்கும் எவ்ராவுக்கும் நடுவே நேருக்கு நேர் மோதல். பெருந்தகை இடையே புகுந்து விலக்கினார். துவெர்ன் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சை வீசியெறிந்தார். கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஜான் லூயி வாலன்தான் அங்கேயே பதவி விலகினார். அணி பேருந்தில் ஏறித் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டது.

பிறகு நடந்ததுதான் அவருடைய கொடை வரிசையின் சிகரம். கூட்டமைப்பைக் கண்டித்து ஆட்டக்காரர்கள் எழுதிய கடிதத்தை யார் வாசிப்பது? எழுதியவர்கள் பேருந்தை விட்டு இறங்கவில்லை. கேமராக்களுக்கு முன் நின்று, தன் சொற்படி நடக்க மறுத்தவர்களின் அறிக்கையைத் தன் வாயாலேயே வாசித்துக் கொடுத்தார் தேசிய அணியின் பயிற்சியாளர். 23 பேரையும் தாமே பொறுக்கியெடுத்தவர். அவர்களில் ஒருவரும் அவருக்காக எழுந்து நிற்கவில்லை. எவரையெல்லாம் ஒதுக்கினாரோ அவர்களும் இல்லை. எவரையெல்லாம் சேர்த்தாரோ அவர்களும் இல்லை. இத்தனை முழுமையான ஓர் அணித்தேர்வு உலகக் கோப்பை தொடங்கிய 1930 முதல் வேறு எந்த நாட்டுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து புளூம்ஃபோன்டைனில் போட்டியை நடத்தும் நாடே எதிரணி. எவ்ரா நீக்கப்பட்டார், யோன் குர்க்யூஃப் இருபத்தைந்தாம் நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்றார், ஃபுளோரான் மலூடா அடித்த கோல் தொடர் முழுவதிலும் பிரான்ஸ் அடித்த ஒரே கோலாக நின்றது. 1-2. மீண்டும் ஒரு புள்ளி, ஒரு கோல், கடைசி இடம். ஆட்டம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் கார்லோஸ் அல்பெர்ட்டோ பரெய்ரா கை நீட்டினார். 1994இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கை அது. பெருந்தகை அதைப் பற்ற மறுத்துவிட்டார். கோப்பை தொட்ட கைகள் அவருக்கு எப்போதுமே ஒவ்வாதவை.

ஊர் திரும்பியதும் வேறு சிலர் விலை கொடுத்தார்கள். எஸ்கலெட் பதவி விலகினார். அனெல்காவுக்கு 18 ஆட்டங்கள் தடை, எவ்ராவுக்கு 5, ரிபெரிக்கு 3. புதிய பயிற்சியாளராக வந்த பிளாங்கின் முதல் ஆட்டத்துக்கு, நைஸ்னாவில் இருந்த 23 பேரும் விலக்கி வைக்கப்பட்டார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பெருந்தகையைக் கூட்டமைப்பு செப்டம்பரில் கடும் தவறுக்காகப் பணிநீக்கம் செய்தது, அவர் வழக்காடினார், 9,75,000 யூரோவில் சமரசம் ஏற்பட்டது. இரண்டு புள்ளிகளுக்கு அவ்வளவு! இரண்டு பெரும் போட்டிகளின் ஆறு ஆட்டங்களில் அவர் ஈட்டியது அதுதான். 2012இல் தன் நினைவுகளை நூலாக எழுதி, தான் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களின் குணக்கேடுகளை உலகுக்கு விளக்கினார்.

ஆறு ஆண்டுகளில் 79 ஆட்டங்கள். அதுவரை பிரான்சை வழிநடத்திய எந்தப் பயிற்சியாளரும் அத்தனை ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றதில்லை. 1984இல் கோப்பை வென்ற மிஷல் இதால்கோகூட 75இல் நின்றுவிட்டார். பிரெஸ் நாட்டுக்காக ஆடியதும் 79 ஆட்டங்கள்தாம். அந்த எண்ணை எண்பதைத் தொடவிடாமல் நிறுத்தியவர் யாரென்று நாம் மேலே கண்டோம்.

இத்தனை அனுபவம் வீணாகலாமா? பிரெஞ்சுப் பயிற்சியாளர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் தலைவராக அவரையே ஏற்றுக்கொண்டார்கள். 2020 டிசம்பர் இறுதியில் தத்தளித்துக்கொண்டிருந்த நாந்த் கிளப்பும் அவரை அழைத்தது. 2021 பிப்ரவரியில், ஏழு வாரங்கள் நிறைவதற்குள், அனுப்பி வைத்தது. அந்த இடைவெளியில் ஓர் ஆட்டத்திலும் அவர் வெல்லவில்லை. வெற்றிகள் அனைத்தையும் தொடாமல், ஒன்றுகூடக் குறையாமல், தனக்குப் பின் வந்த அந்துவான் கொம்புவாரேயிடம் அப்படியே ஒப்படைத்துச் சென்றார். கொம்புவாரே அந்தக் கோடையில் பிளே ஆஃபில் தப்பிக் கிளப்பை முதல் பிரிவிலேயே நிலைநிறுத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் பிரெஞ்சுக் கோப்பையை வென்றார்.